புதுசுக்குப் பழசு வேஷம்: கைவினைப் பொருட்களுக்குப் பழமைத் தோற்றம் தருவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலுவுக்கு ஒரு மரப்பெட்டி, கல்யாணத்துக்கு ஓர் அழைப்பிதழ், வாசலில் மாட்ட ஒரு பெயர்ப்பலகை என்று எதைச் செய்து காட்டினாலும், "இதைக் கொஞ்சம் பழசு மாதிரி ஆக்க முடியுமா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பெரும்பாலானவை என் சமையலறையிலும் மொட்டைமாடியிலும் செய்து பார்த்தவை. சொதப்பியதையும் மறைக்கவில்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், கறை பூசினேன், ஆணியால் குத்தினேன். ஆனாலும் பழசாகத் தெரியவில்லை, அழுக்காகத்தான் தெரிகிறது. எங்கே தப்பு?

இடத்தில்தான் தப்பு. எதைப் பூசினீர்கள் என்பதைவிட எங்கே பூசினீர்கள் என்பதுதான் முக்கியம்.

எங்கள் வீட்டில் பாட்டியின் மர அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. மூடி நகர்த்தித் திறக்கிற வகை. கட்டைவிரல் வைத்துத் தள்ளும் இடத்தில் மட்டும் காசு அகலத்துக்கு லேசாகக் குழி விழுந்து, மரம் எண்ணெய் குடித்து மினுமினுக்கிறது. மூடியின் மற்ற பகுதி மங்கல். உள்ளே மஞ்சள்தூள் இருந்த அறையின் சுவர் விளிம்பு வரை மஞ்சளாகிவிட்டது. பக்கத்தில் கடுகு இருந்த அறையில் ஒரு கறையும் இல்லை. அடியில் நான்கு மூலைகளும் மேடையில் இழுபட்டு இழுபட்டு உருண்டுவிட்டன. ஆனால் பின்பக்கம் எப்போதும் சுவரை ஒட்டியே இருந்ததால், தச்சர் இழைப்புளி ஓட்டிய தடம்கூட இன்னும் அங்கே தெரிகிறது.

பழைய பொருள் எதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பழசாவதில்லை. பல்லாங்குழியில் குழிகள் வழவழப்பாக இருக்கும், குழிகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் கறுப்பு ஏறியிருக்கும். மரப்பாச்சிக்கு முதலில் தேய்வது மூக்கு. மேடான இடம் தேயும், பள்ளமான இடம் கறுக்கும்.

அதனால் உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால், செய்த பொருளை ஐந்து நிமிடம் பயன்படுத்துவது போல நடித்துப் பாருங்கள். திறங்கள், மூடுங்கள், தூக்குங்கள், இழுத்து வையுங்கள். கை பட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறி போடுங்கள். அங்கே மட்டும் தேயுங்கள். கை எட்டாத மூலை முடுக்குகளில் மட்டும் கறுப்பு ஏற்றுங்கள். காரைக்குடிப் பக்கம் போனால் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எதையும் வாங்காவிட்டாலும் சரி, கதவுக் கைப்பிடிகளையும் பெட்டி மூலைகளையும் அரைமணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் சொல்வதைவிட அவை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

காகிதத்துக்கு டீ நல்லதா, காபி நல்லதா?

டீ செம்மை கலந்த பழுப்பு தரும். காபி இன்னும் அடர்த்தியான பழுப்பு. எனக்கு டீதான் பிடிக்கும்; காபி போட்ட காகிதம் பல நாள் மணக்கும். அரை லிட்டர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி டீத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். பால், சர்க்கரை கூடாது. சர்க்கரை போட்டால் எறும்புக்கு விருந்துதான். ஆறியதும் தட்டில் ஊற்றி, காகிதத்தை இரண்டு நிமிடம் மூழ்கவிட்டு எடுத்து, நிழலில் படுக்கவைத்து உலர்த்துங்கள். அங்கங்கே டீ தேங்கி நின்ற இடம் தனியாகக் கறுத்து வரும். அந்தத் திட்டுகள்தான் அழகு, துடைத்துவிடாதீர்கள்.

சாதாரண ஜெராக்ஸ் தாள் ஈரத்தில் கிழிந்துவிடும். ஓவியத்துக்கு விற்கும் கனமான தாள் அல்லது கையால் செய்த தாள் தாங்கும். உலர்ந்த பிறகு நெளிந்திருந்தால், மேலே ஒரு பருத்தித் துணி போட்டு இஸ்திரி போடுங்கள்.

மஞ்சள்தூள் கரைசலில் நனைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். மஞ்சள் நிறம் வெயில் பட்டால் வெளுத்துப் போகும். போதாததற்குச் சோப்போ சுண்ணாம்போ பட்டால் ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்துவிடும்.

அழைப்பிதழை அச்சடித்த பிறகு டீயில் நனைக்கலாமா? ஓரத்தை நெருப்பில் கருக்கலாமா?

லேசர் பிரிண்டரில் எடுத்ததை நனைக்கலாம், எழுத்து அசையாது. இங்க்ஜெட்டில் எடுத்தால் பெரும்பாலும் மை கரைந்து ஓடிவிடும். அதற்கு முதலில் தாளைக் கறையேற்றி, உலர்த்தி, இஸ்திரி போட்டு, அப்புறம் அச்சடிக்க வேண்டும்.

ஓரத்தைக் கருக்குவது சினிமாவில் வரும் புதையல் வரைபடத்துக்குச் சரி. நிஜமான பழைய தாளின் ஓரம் எரிந்து இருக்காது. நைந்து, பழுத்து, பொடிந்து இருக்கும். தூரிகையைத் தண்ணீரில் நனைத்து ஓரமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, அந்த ஈரக்கோட்டில் மெதுவாகக் கிழியுங்கள். நார் நாராக வரும். அந்த நாரில் கெட்டி டீயை இன்னொரு முறை தடவுங்கள். வீடும் பத்திரம்.

ஓலைச்சுவடி மாதிரி செய்வது எப்படி?

ஏற்கெனவே நம் ஊரில் இருந்த வழிதான். எழுத்தாணியால் ஓலையில் கீறியதும் எழுத்து சரியாகத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச் சாற்றிலோ குழைத்து ஓலை முழுக்கத் தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் போன கரி மட்டும் தங்கும், எழுத்து பளிச்சென்று எழும்பும்.

இதே வேலையைக் களிமண் நகையிலும், செதுக்கிய மரத்திலும், புடைப்பு அச்சு போட்ட அட்டையிலும் செய்யலாம். அடர்பழுப்பு அக்ரிலிக் பெயிண்டை நீர்க்கக் கரைத்து எல்லா இடத்திலும் தடவி, அரை நிமிடத்தில் ஈரத்துணியால் மேலாகத் துடைத்துவிட்டால் போதும். பள்ளம் கறுக்கும், மேடு தெளியும். கறுப்புப் பெயிண்ட் மட்டும் வேண்டாம், கரிப்பிடித்த மாதிரி ஆகிவிடும். பழுப்பில் ஒரு துளி கறுப்பு போதும்.

புது மரத்தை வினிகரும் இரும்பும் வைத்துச் சாம்பல் நிறமாக்கலாம் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே நடக்கவில்லையே?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். பெரும்பாலும் தப்பு பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது சாதா இரும்புப் பஞ்சு. நம் மளிகைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் துருப்பிடிக்காத ஸ்டீல். அது வினிகரில் எத்தனை நாள் கிடந்தாலும் கரையாது. நானே நான்கு நாள் காத்திருந்து ஏமாந்திருக்கிறேன். கட்டட வேலைக்கு விற்கும் கட்டுக்கம்பியில் ஒரு கைப்பிடி வாங்கி நறுக்கிப் போடுங்கள், அல்லது துருப்பிடித்த ஆணிகள் போடுங்கள். சமையல் வினிகரே போதும். இரண்டு மூன்று நாளில் கரைசல் சாம்பல் கலந்த பழுப்பாகும். துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

பாட்டிலை இறுக மூடாதீர்கள். இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும். முதல் தடவை நான் ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகி வைத்துவிட்டேன். நடுராத்திரி 'டப்' என்று மூடி பறந்து, அலமாரி முழுக்கத் துருத் தண்ணீர். அந்தக் கறை இன்னும் போகவில்லை. அது மட்டும் உண்மையான பழமைத் தோற்றம். மேலே துணி கட்டி, அடுப்பில் இருந்து தள்ளி வையுங்கள்.

அடுத்த சிக்கல் மரம். நிறம் மாறுவது வினிகரால் அல்ல. கரைந்த இரும்பு, மரத்தில் உள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்துதான் கறுக்கிறது. துவர்ப்பு நிறைய உள்ள மரம், கருவேலம் மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். பைன், பிளைவுட் போன்றவற்றில் துவர்ப்பு குறைவு, அதனால் வெறும் பழுப்போடு நின்றுவிடும். அதற்கு முதலில் கெட்டி டீ டிகாஷன் பூசிக் காயவிட வேண்டும். அதைவிட நல்லது கடுக்காய். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த்தூள் கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டித் தூளை ஒரு டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிப் பூசி, காய்ந்ததும் இரும்புக் கரைசலைப் பூசுங்கள். பூசும்போது ஒன்றும் தெரியாது. கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் மழையில் பல வருடம் கிடந்த வேலிப்பலகை மாதிரி ஆகியிருக்கும்.

கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி போடுகிறவர்களுக்கு இது புதுசே இல்லை. கடுக்காய்ச் சாற்றில் துணியை ஊறவைத்து, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவைத்த மையால் வரைவார்கள். துணியில் பட்டதும் கறுப்பு. அதே வேதியியல்தான். அவர்களிடம் வினிகருக்குப் பதில் வெல்லம், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ஒரு துண்டு மரத்தில் சோதித்துவிடுங்கள். அதிகம் கறுத்துவிட்டால் திரும்ப வழியில்லை, உப்புத்தாள்தான். அடுத்த முறைக்குக் கரைசலில் தண்ணீர் கலந்து மெல்லியதாக்கிக்கொள்ளலாம்.

சரக்கு அடுக்கி அனுப்பும் பேலட் கட்டை இலவசமாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

கட்டையில் முத்திரை பாருங்கள். ஆங்கிலத்தில் 'எச்டி' (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி போக்கியது, எடுக்கலாம். 'எம்பி' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லையென்றாலும், எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சாக் பெயிண்ட் (சுண்ணாம்பு அடித்தது போல மங்கலாகக் காயும் பெயிண்ட்) விலை அதிகம். வீட்டில் செய்துகொள்ள முடியுமா?

முடியும். மூன்று பங்கு பளபளப்பில்லாத (மேட்) எமல்ஷன் பெயிண்ட், ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒரு பங்கு தண்ணீர். பவுடரை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் பெயிண்டில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கிவிடும், தேவையான அளவே கலக்குங்கள். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பூசுவதற்கு முன் மெழுகுவர்த்தி ஒன்று எடுத்து, நீங்கள் சாக்பீஸ் குறி போட்ட இடங்களில் மட்டும் அழுத்தித் தேயுங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. காய்ந்ததும் உப்புத்தாளை லேசாக ஓட்டினாலே அங்கே உரிந்து, அடியில் இருக்கும் மரமோ வேறு நிறமோ எட்டிப் பார்க்கும். அடியில் நீலம் அல்லது பச்சை, மேலே சுண்ணாம்பு வெள்ளை என்று போட்டால், வருஷா வருஷம் வெள்ளையடித்த பழைய ஜன்னல் மாதிரியே வரும்.

பெயிண்டில் வெடிப்பு விழவைப்பது எப்படி? எனக்கு வெடிக்காமல் வழிகிறது.

அடிநிறம் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அதன்மேல் வெள்ளை ஃபெவிகாலைத் தாராளமாகத் தடவுங்கள். விரல் வைத்தால் ஒட்ட வேண்டும், ஆனால் கோந்து கையோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில் மேல்நிறத்தை ஒரே இழுப்பில் பூசுங்கள். மேலே காயும் பெயிண்ட் சுருங்கும்போது அடியில் இன்னும் ஈரமாக இருக்கும் கோந்து நழுவிக் கொடுக்கும், அதனால்தான் வெடிப்பு. ஒருமுறை பூசிய இடத்தில் தூரிகை திரும்பப் போனால் எல்லாம் குழம்பிவிடும். உங்களுக்கு வழிவதற்கு அதுதான் காரணமாக இருக்கும், அல்லது கோந்து இன்னும் பச்சையாக இருந்திருக்கும். கோந்து தடிமனாக இருந்தால் பெரிய வெடிப்பு, மெல்லியதாக இருந்தால் நுணுக்கமான வெடிப்பு. ஹேர் டிரையர் காட்டினால் கண்முன்னேயே வெடிக்கும், பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

பெட்டி முழுவதும் வெடிக்கவைக்காதீர்கள். வெயில் பட்டிருக்கக்கூடிய மேல்பக்கத்தில் மட்டும் போதும்.

பழுப்பு ஷூ பாலிஷ் தடவலாமா?

தடவலாம். வெளிநாட்டில் விற்கும் கறுப்பு மெழுகுக்கு ஓரளவு மாற்றுதான் அது. ஆனால் நேரடியாகப் பெயிண்ட் மேல் போட்டால் பெயிண்ட் குடித்துவிடும், திட்டுத் திட்டாக நின்றுவிடும், துடைத்தாலும் வராது. முதலில் மரச்சாமானுக்குப் போடும் நிறமில்லாத மெழுகை ஒரு கை தடவுங்கள். அதற்குமேல் பழுப்புப் பாலிஷை மூலைகளில் மட்டும் தேய்த்து, வேண்டாத இடத்தில் நிறமில்லாத மெழுகையே தொட்டுத் துடைத்தால் போய்விடும். வாடை அடங்க ஒரு வாரம் ஆகும். சாப்பாடு வைக்கும் தட்டுக்கும் பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைக்கும் இது கூடாது.

புது இரும்பில் சீக்கிரம் துரு வரவைக்க வழி?

இரும்பை எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, வினிகர் தெளித்துக் காயவிடுங்கள். பிறகு மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அரை லிட்டர், வினிகர் கால் டம்ளர், உப்பு அரை மேசைக்கரண்டி கலந்து தெளியுங்கள். மருந்துக்கடைப் புட்டியில் ஆறு சதவீதம் என்றிருந்தால் அதே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். சில நிமிடத்தில் ஆரஞ்சு நிறம் பொங்கும். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். மிச்சக் கலவையை மூடி வைக்காமல் அன்றைக்கே நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக்கூடாது. துத்தநாகப் பூச்சு உள்ள தகரத்தில் ஆரஞ்சுத் துரு வராது, எவ்வளவு தெளித்தாலும் வீண்.

இரும்பே இல்லாத அட்டைப்பெட்டிக்குத் துரு வேண்டுமா? தரை போடுவதற்கு ஹார்டுவேர் கடையில் விற்கும் ரெட் ஆக்சைடு பொடியை ஈரமான பழுப்புப் பெயிண்ட் மேல் தூவி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். நிறம் பொய்யே இல்லை, அதுவும் இரும்பு ஆக்சைடுதான்.

பித்தளையும் செம்பும்?

நம் வீடுகளில் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பழசைப் புதுசாக்கிக்கொண்டிருந்தோம், இப்போது தலைகீழ். பச்சைக் களிம்பு வேண்டுமென்றால், மரத்தூளில் வினிகரையும் உப்பையும் பிசறி, பொருளை அதில் புதைத்து மூடிய டப்பாவில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். செம்பும் வெள்ளியும் கறுக்க வேண்டுமென்றால், நன்றாக வெந்த முட்டையைச் சூட்டோடு நசுக்கி, பொருளோடு சேர்த்துப் பையில் மூடி வைத்தால் முட்டையில் இருந்து வரும் கந்தகப் புகையே வேலையைச் செய்யும். கடையில் வாங்கிய பித்தளையில், மங்காமல் இருக்க அடிக்கும் லாக்கர் பூச்சு இருந்தால் தின்னர் போட்டுத் துடைத்த பிறகுதான் எதுவும் பிடிக்கும்.

களிம்பு விஷம். சமையல், குடிநீர்ப் பாத்திரங்களில் இதைச் செய்யவே கூடாது.

புது மண்தொட்டி பழசாகத் தெரிய?

பழைய தொட்டியில் வெளியே தெரியும் வெள்ளைப் படிவு, மண் வழியாகக் கசியும் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன உப்பு. அதனால் அது விளிம்புக்குக் கீழேயும் அடியிலும் பட்டை பட்டையாக இருக்கும். சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து அந்த இடங்களில் பூசி, பாதி காய்ந்ததும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பாசி வேண்டுமென்றால் மோர் தடவி நிழலில் ஈரமாக வையுங்கள், மழைக்காலத்தில் தொடங்கினால் நல்லது. முதல் வாரம் ஈ மொய்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணிக்கு?

பருத்தி மட்டும். பாலியெஸ்டர் டீயைக் குடிக்காது. காடாத் துணியாக இருந்தாலும் முதலில் கஞ்சி போகத் துவைத்து, ஈரமாகவே டீயில் போடுங்கள். கசக்கி முடிச்சுப் போட்டு ஊறவைத்தால் மடிப்பில் நிறம் கூடிக் குறைந்து வரும். துவைக்கத் துவைக்க வெளுக்கும், சுவரில் மாட்டுவதற்குத்தான் ஏற்றது.

கடைசியில் வார்னிஷ் அடிக்கலாமா?

பளபளப்பு வார்னிஷ் அடித்தால் இவ்வளவு நேரம் செய்தது அத்தனையும் போச்சு. மேட் வகைதான். ஃபெவிகால் வெடிப்பு போட்ட பொருளுக்குத் தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் தடவாதீர்கள், கோந்து மறுபடி இளகும். ஸ்ப்ரே டப்பா பரவாயில்லை. வெறும் மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் அழகு. ஆனால் அந்த எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. காயும்போது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் நனைத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

வீட்டிலேயே நிஜமான பழைய பெட்டி இருக்கிறது. அதை இன்னும் கொஞ்சம் தேய்த்து அழகாக்கட்டுமா?

வேண்டாமே. அதில் ஏற்கெனவே இருப்பதைத்தான் நாம் இவ்வளவு பாடுபட்டுப் போலி செய்கிறோம். இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெல்லாம் பறக்கலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் தொடவே தொடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் மெழுகு தடவி அப்படியே வையுங்கள்.

விற்கும்போது "பழங்காலத்துப் பொருள்" என்று சொல்லலாமா?

கூடாது, 'பழமைத் தோற்றம்' என்று சொல்லுங்கள். நாணயம் ஒரு பக்கம் இருக்க, சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்களும், 75 வருடத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடிகளும் தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் வேலை அவ்வளவு கச்சிதமாக இருந்தால் சுங்கத்தில் நிறுத்திக் கேட்பார்கள். அப்போது இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டியிருக்கும். நான் எல்லாப் பொருளின் அடியிலும், செய்த மாதத்தையும் வருடத்தையும் ஆணியால் கீறி, மேலே கரி தேய்த்துவிடுகிறேன்.